பூவாடைக்குப் புடவை எடுக்க மாட்டேன்

கண்ணு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். "அம்மா, வர்ற வெள்ளிக்கெழம பூவாடை வச்சிக்கலாம்னு அத்த சொல்லுது. ஒரு மஞ்சப் பொடவ மட்டும் எடுத்து வச்சிடு. சிம்பிளா முடிச்சிடலாம்." அவ்வளவுதான். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், ஒரு வண்டி ஹாரன். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இத்தனை தாள் ஆகிவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். உனக்கு மட்டும் அனுப்பினால் ரெண்டு வரி பார்த்துவிட்டு மேலே தள்ளிவிடுவாய். நாலு பேர் படிக்கிற இடத்தில் வந்தால் நீயும் படித்துத்தான் ஆக வேண்டும். பயப்படாதே, உன் பெயரை எழுதவில்லை. கம்பெனி பெயரையும் எழுதவில்லை. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கா பஞ்சம், எதுவாக இருந்தால் என்ன. நான் அஞ்சாவதோடு நின்றவள். கம்பெனியில் என் பக்கத்தில் உட்காருகிற நசீமாவின் மகள் எழுத்துப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தாள். மீதியெல்லாம் நான்.

பூவாடை தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்ணை முதலில் கூப்பிட வேண்டும். கன்னியாகப் போனவளாக இருந்தால் இன்னும் விசேஷம். கலசத்தில் தண்ணீர் எடுத்து வந்து, புதுப்புடவை, வளையல், மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்துப் படைத்தால் அவள் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவாள் என்பது நம்பிக்கை. நானும் இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து செய்திருக்கிறேன். உங்கள் அப்பா வழியில் எப்போதோ கிணற்றில் விழுந்து செத்த ஒரு பெண்ணுக்குத்தான் அது. அவள் பெயர் என்ன என்று ஒரு தடவை உன் அத்தையைக் கேட்டேன். "பூவாடக்காரின்னு சொன்னா போதாதா அண்ணி, பேரு எதுக்கு" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விழுந்து கும்பிட்டுவிட்டு வடை சுடப் போய்விட்டேன். அந்தப் பெண்ணிடம் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருக்கிறது. ஏனென்றால் போன வாரம் உன் அத்தை வந்து, "தனியா ஒரு கலசம் வேணாம் அண்ணி, ரேவதிக்கும் அதுலயே சேர்த்துடலாம், எல்லாருக்கும் ஒண்ணே போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். உன் தங்கச்சி போய் இன்னும் மூணு வருஷம் ஆகவில்லை. அதற்குள் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ப்ளஸ் டூவில் ரேவதி வாங்கிய மார்க்குக்கு வேலூரில் எந்தக் காலேஜிலும் இடம் கிடைத்திருக்கும். அப்பா இல்லாத வீடு, நீ டிப்ளமோ கடைசி வருஷம். "ஒரு வருஷம் கம்பெனிக்கு வா பாப்பா, அண்ணன் வேலைக்குப் போனதும் நீ படி" என்றேன். அவள் நம்பினாள். நீ வேலைக்குப் போனாய். போனது எங்கே? எங்கள் கம்பெனிக்கே, எங்கள் லைனுக்கே சூப்பர்வைசராக வந்தாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. வேனில் அத்தனை பேருக்கும் எள்ளுருண்டை கொடுத்தேன். அவள் காலேஜைப் பற்றி நானும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. அவளும் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பேசாமல் இருக்கிற பிள்ளை ஒத்துக்கொண்ட பிள்ளை என்று நினைப்பது அம்மாக்களுக்குச் சவுகரியம்.

அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்து வருவாள். அதில் ஒன்று, அட்டையெல்லாம் போய், யாரோ பழுப்புத் தாள் ஒட்டி வைத்திருந்த தடிப் புத்தகம். முதல் பக்கமும் இல்லை, எழுதினவர் யாரென்றும் தெரியாது. வாரம் முழுவதும் ஷூ நாக்குக்குச் சொல்யூஷன் தடவித் தடவி என் விரலெல்லாம் பிசினாகி இருக்கும். நான் தேங்காயெண்ணெய் போட்டு அதை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவள் சத்தமாகப் படிப்பாள். சுற்றிலும் மதில் கட்டின ஒரு ஊர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. பிறந்ததும் ஒரு வேலை கொடுப்பார்கள், அந்த வேலைதான் பெயர். நாலாவது விளக்கு, ஆறாவது வாளி, இப்படி. ஒரு வாளி செத்துப்போனால் மறுநாள் காலையில் இன்னொருத்தி அதே பாயில், அதே தட்டில், ஆறாவது வாளியாக உட்காருவாள். அதனால் அந்த ஊரில் யாரும் சாவதே இல்லை. இடம்தான் காலியாகவில்லையே. அழுதால் தண்டனை. யாருக்காக அழுதாய், ஆறாவது வாளிதான் எதிரிலேயே இருக்கிறாளே என்று கேட்பார்கள்.

நான் எண்ணெய்க் கையோடு நிறுத்திவிட்டேன். "எந்த ஜில்லாடி அது?" என்றேன். சத்தியமாகக் கேட்டேன். பேப்பரில் வந்ததைச் சேர்த்துப் புத்தகம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கதைம்மா. எவனோ உக்காந்து எழுதனது." "எழுதனவன் நம்ம கம்பெனில வேல பாத்திருப்பான்" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை அம்மா என்று பார்க்காமல் ஒரு ஆளாகப் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கதையை நான் வேனில் சொல்ல ஆரம்பித்தேன். உனக்குத் தெரியும், காலையில் அந்த வேனில் இருபத்திரண்டு பேர் நசுங்கிக்கொண்டு போவோம். ஞாயிறு கேட்டதை வாரம் முழுக்க இழுத்து இழுத்துச் சொல்வேன். வெட்கமில்லாமல் கொஞ்சம் சேர்த்தும் சொல்வேன். "அந்த ஊர்ல டீ டைம் உண்டாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். பத்து நிமிஷம் உண்டு என்றேன். "அப்ப நம்ம ஊர விட பரவால்லயே" என்றாள். வேனே சிரித்தது. இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் நசீமா திடீரென்று சொன்னாள்: "பதினாறு வருஷமா உன் பக்கத்துலயே உக்கார்றேன். பேஸ்டிங்கக்கான்னுதான் கூப்புட்றேன். உன் பேரு இன்னாக்கா?" என் பெயரைச் சொன்னேன். வேன் சத்தத்தில் கேட்கவில்லை என்றார்கள், ரெண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன். உங்கள் அப்பா போன பிறகு என் வாயால் என் பெயரை ரேஷன் கடையில் தவிர வேறெங்கும் சொன்னதில்லை. என் பெயர் எனக்கே புதுத்துணி மாதிரி மொடமொடவென்று இருந்தது. அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஸ்டிச்சிங், கட்டிங், செக்கிங் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேன் கேட்டுக்குள் நுழைவதற்குள் பெயரோடு இறங்கினோம். ஒரு கதை செய்த வேலை அது. யாருக்கும் ஒரு கெடுதலும் அதில் இல்லை.

நீ லைனில் எல்லோரையும் சீட் நம்பரால்தான் கூப்பிடுவாய். சூப்பர்வைசர்கள் எல்லாரும் அப்படித்தான், உன்னைத் தனியாகச் சொல்லவில்லை. வீட்டில் அண்ணன், கம்பெனிக்குள் சார். ரேவதியும் சார் என்றுதான் கூப்பிட்டாள், ஒருநாளும் மீறவில்லை. அன்றைக்கு நீ "பதினேழு, பீஸ் தேங்குது பாரு" என்றாய். அவள் மெஷினை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. மூணு தடவை கூப்பிட்டாய். நான் நாலு டேபிள் தள்ளி பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ பக்கத்தில் போய் மெஷின்மேல் தட்டினாய். அவள் நிமிர்ந்து, மெதுவாகத்தான் சொன்னாள்: "எனக்குப் பேர் இருக்கு சார். நீங்க வச்ச பேர்தான்." லைன் முழுக்கச் சிரிப்பு. அது நிஜம்தானே. அவள் பிறந்தபோது உனக்கு நாலு வயசு, பால்வாடி டீச்சர் பெயரைத்தான் பாப்பாவுக்கு வைக்க வேண்டும் என்று மூணு நாள் சோறு தின்னாமல் அடம்பிடித்தாய். ஆனால் கண்ணாடி ரூமுக்குள்ளிருந்து மேனேஜர் பார்த்துவிட்டான். உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நீ சாப்பிடவில்லை. "இவ கத படிச்சி கெட்டுப் போறாம்மா. நீ அத வேன்ல பரப்பற. யூனியன் கீனியன் வைக்கப் போறாங்களான்னு மேனேஜர் என்னக் கேக்கறான். எனக்கு வேல போனா பரவால்லயா ஒனக்கு?" என்றாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவளுக்குப் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடு என்று சொல்லியிருக்க வேண்டும். மூணே எழுத்துப் பெயர், உன் வாய் நோகுமா என்று கேட்டிருக்க வேண்டும். நான் மறுநாள் அவளுக்குத் தெரியாமல் புத்தகத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், அரைமணி முன்னால் பெர்மிஷன் சொல்லிவிட்டு நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் தேடினாள். சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "இன்னும் முப்பது பக்கம் இருந்துச்சிம்மா" என்றாள். அப்புறம் எடுத்துக்கலாம் என்றேன். "நீ கூடவா" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஞாயிறு போனால் வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேனில் கதை நின்றுபோனது. அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். நம்பினார்கள். சப்பென்று ஆகிவிட்டது அவர்களுக்கு.

ஒன்றரை மாசம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "ஷிப்மெண்ட்டு ரெண்டு நாள்தாம்மா. மாத்தர போட்டுக்கினு வரச் சொல்லு. இப்ப அவ லீவு போட்டா வேணும்னே பண்றான்னு நெனப்பாங்க." நீ சொன்னாய். மாத்திரையைக் கொடுத்தது யார்? தலையை வாரிப் பின்னலிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்று தெரிந்தும் வேனில் ஏற்றிவிட்டது யார்? அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தாள். வியாழக்கிழமை மெஷின்மேலேயே சரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. டாக்டர்கள் பாவம், எவ்வளவோ பார்த்தார்கள். ரெண்டு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்று ஒரு டாக்டரம்மா கேட்டாள். நீ தரையைப் பார்த்தாய். நானும் தரையைப் பார்த்தேன். அந்த ரெண்டு நாளைப் பற்றி இன்றுவரை நாம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இதோ, நான் பேசிவிட்டேன்.

காரியம் முடிந்து பதினேழாம் நாள் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், ஒடுகத்தூர் பக்கத்துப் பிள்ளை, புதுசு. அவளை நான் குறை சொல்லமாட்டேன். நீ அந்தப் பக்கமாக வந்து, "பதினேழு" என்றாய். அந்தப் பிள்ளை டக்கென்று திரும்பி "சார்" என்றது. நீ எதையோ காட்டிச் சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டாய். ஒரு நொடி தடுமாறியிருந்தால், நம்பரை மாற்றிக் கூப்பிட்டிருந்தால், எனக்குப் போதும். நீ தடுமாறவில்லை. நான் பாத்ரூம் டோக்கனை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் அழுதேன். பத்து நிமிஷத்துக்கு மேல் கேள்வி கேட்பார்கள். அழுதால் தண்டனை என்று அவள் படித்துக் காட்டியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊர் எந்த ஜில்லா என்று நான் கேட்டது ஒன்றும் பைத்தியக்காரக் கேள்வி இல்லை கண்ணு.

நீ கம்பெனி மாறி மெட்ராஸ் பக்கம் போன பிறகு, ஞாயிறுதோறும் நூலகத்துக்குப் போனேன். பழுப்புத் தாள் ஒட்டின புத்தகம் என்று கேட்டால் அங்கே பாதிப் புத்தகம் பழுப்புத்தான். நூலகத்து அம்மா பொறுமையாக எடுத்துக் காட்டுவார். அஞ்சு மாசம் கழித்துக் கிடைத்தது. முப்பது பக்கம் படிக்க எனக்கு ஏழு ஞாயிறு. எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தேன். அவள் குரலில்தான் காதில் விழுந்தது. கதை முடிவில் அந்த ஆறாவது வாளி தப்பித்துப் போகவில்லை. மதிலும் இடியவில்லை. கூப்பிடுகிறார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறார்கள். புத்தகம் முடிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதற்கா இத்தனை பக்கம், அப்புறம் அவளை என்ன செய்தார்கள் என்று சொல்லத் துப்பில்லையா என்று எழுதினவனைத் திட்டினேன். ஒரு வாரம் அந்தக் கோபத்தோடுதான் சொல்யூஷன் தடவினேன். அப்புறம் புரிந்தது. என் மகள் கடைசிப் பக்கத்தைப் படிக்காமலேயே அதைச் செய்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பக்கம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது எனக்கு. இப்போது லைனில் என்னை நம்பரால் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. புது சூப்பர்வைசர் பையன் முதலில் முறைத்தான், இப்போது பெயர் சொல்கிறான். கூடவே அக்கா என்று சேர்த்துக்கொள்கிறான். வானம் இடிந்து விழவில்லை. ஷிப்மெண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவையும் நான் மனசுக்குள் வைத்துக்கொண்டே உன் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ நல்லா இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமலா? பெண் பார்க்கப் போனோமே, அன்றைக்குத்தான் முடியாமல் போனது. பெண்ணின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே புகுந்து, "நான் ஒருத்தன்தான் அத்த" என்றாய். உன் அத்தை என் தொடையில் கை வைத்து அழுத்தினாள். காபியைக் குடித்தேன். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவள் எனக்குப் புத்தி சொன்னாள்: "சின்ன வயசுல பொண்ணு செத்த வீடுன்னு தெரிஞ்சா யோசிப்பாங்க அண்ணி. வெளில எதுக்கு? நம்ம வீட்டோட பூவாடை வச்சி அவள சாந்தப்படுத்திட்டா போதும்."

ஆக, வெளியில் அவள் பிறக்கவே இல்லை. வீட்டுக்குள் அவள் சாமி. மனுஷியாக இருந்தவளை மறைத்துவிட்டு, சாமியாக வந்து உன்னை ஆசீர்வாதம் செய்துவிட்டு மத்தியானத்துக்குள் கிளம்பச் சொல்கிறாய். புடவையாம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரே ஒருநாள் புடவை கட்டினாள், அதுவும் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு, என் புடவை. அவளை எதற்காகச் சாந்தப்படுத்த வேண்டும்? அவள் என்ன கோபமாகவா போனாள்? காய்ச்சலோடு போனாள். சாந்தி வேண்டியது உனக்கு. எனக்கும்தான் வேண்டும். அதைப் புடவை வைத்து வாங்க முடியாது.

அதனால் நான் எடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஷிப்ட் இருக்கிறது, போகிறேன். வீட்டுச் சாவியை உன் அத்தையிடம் கொடுத்துவிடுகிறேன், படைக்கிறதானால் நீங்களே படையுங்கள். கிணற்றில் விழுந்த அந்தப் பழைய பெண்ணுக்குப் படையுங்கள், முடிந்தால் அவள் பெயரையும் விசாரியுங்கள். ரேவதியை அதில் சேர்க்காதீர்கள். பூவாடை வைக்காமல் கல்யாணம் செய்து ஏதாவது கோணலானால் இவளால்தான் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும், அதற்குத் தலையைக் கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் நல்லவளில்லை, ஆனாலும் அம்மா என்பதால் ஒன்று சொல்கிறேன். வருகிற பெண் உடம்பு சுடுகிறது என்று சொன்னால், சொன்ன அன்றைக்கே நம்பு. கம்பெனியில் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதே. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தத் தப்பு நம் வீட்டில் ரெண்டு பேர் செய்துவிட்டோம், மூணாவதாக ஒருமுறை வேண்டாம்.

கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வருவேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, முன்வரிசையில், உன் அம்மாவாகத்தான் உட்காருவேன். அட்சதை போடுவேன், மனசாரப் போடுவேன். ஆனால் கல்யாண வீடு, பத்துப் பேர் வந்து பக்கத்தில் உட்காருவார்கள், யாராவது ஒருத்தி எத்தனை பிள்ளைகள் என்று கேட்பாள். ரெண்டு என்று சொல்வேன். பெரியவன் மணவறையில் இருக்கிறான் என்பேன். சின்னவள் எங்கே என்று கேட்டால் அதையும் சொல்வேன், அந்த ரெண்டு நாளையும் சேர்த்து. அதற்கு முன்னால் பெண் வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லிவிட்டால் நல்லது. கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

அம்மா